மரத்துக்குள் இறங்கும் பித்தளை

கையால் செய்த கித்தார் ஒன்று கிடைத்தால் அதன் தலைப்பகுதியைப் பாருங்கள், மாணவர்களே. கம்பிகளை முறுக்கும் ஆணிகள் இருக்கும் அந்த அகலமான இடத்தில்தான் செய்தவர் தம் பெயரையோ ஒரு கொடியையோ பதிப்பார். பெரும்பாலோர் முத்துச்சிப்பியைப் பயன்படுத்துவர். சிலர் பித்தளை, செம்பு, வெள்ளியை நாடுவர். கருங்காலி மரத்தில் பித்தளை மின்னுவது அழகுதான். அந்த அழகு பத்து ஆண்டு நிலைக்குமா என்பது வேறு கேள்வி.

இங்கிலாந்தின் டோனி செமைட்டிஸ் மின்கித்தார்களின் முகப்பையே உலோகத் தகட்டால் மூடினார். மின் இரைச்சலைக் குறைப்பது அவர் நோக்கம். துப்பாக்கிகளில் சித்திரம் செதுக்கும் டேனி ஓ'பிரையன் அத்தகடுகளை அலங்கரித்தார். அது மேலே வைத்து மூடும் வேலை. நாம் பேசுவது மரத்துக்குள் இறக்கும் வேலை.

சுமார் 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை, நகை செய்பவர்களின் மெல்லிய ரம்பத்தால் வடிவமாக அறுப்பார்கள். அதை மரத்தின்மேல் வைத்து ஓரத்தைக் கூர்முனையால் கீறி, கீறலுக்குள் குழி தோண்டுவார்கள். தகட்டின் அடியைச் சொரசொரப்பாக்கி, எப்பாக்சி பசையில் கருங்காலித் தூளைக் கலந்து ஒட்டுவார்கள். சிறு இடைவெளிகள் அந்தக் கறுப்பில் மறைந்துவிடும்.

இனிதான் சிக்கல். உலோகம் வெப்பத்தால் விரியும். மரமோ ஈரத்தால் விரியும். மரத்தின் செல்சுவர்கள் காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சிப் பருக்கின்றன. இழை ஓடும் திசையில் மாற்றம் மிகக் குறைவு. இழைக்குக் குறுக்கேதான் அதிகம். 70 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தலைப்பகுதியை எடுத்துக்கொள்வோம். மரத்தின் ஈரம் 2 விழுக்காடு மாறினால் அகலம் ஏறக்குறைய 0.35 மில்லிமீட்டர் மாறும். அதே நீளப் பித்தளை, வெப்பம் 10 டிகிரி உயர்ந்தாலும் 0.013 மில்லிமீட்டர்தான் நீளும். கிட்டத்தட்ட 25 மடங்கு வேறுபாடு!

நம் ஊரில் வெளியே காற்று ஈரமாக இருக்கும். குளிர்சாதன அறையில் வறண்டிருக்கும். அங்கே வாரக்கணக்கில் கிடக்கும் கித்தாரில் மரம் சுருங்கப் பார்க்கும், குறுக்கே கிடக்கும் பித்தளைப் பட்டை விடாது. ஒன்று மரம் இழையோடு வெடிக்கும், அல்லது பட்டை எழும்பும். எனவே நீண்ட பட்டைகளை இழையின் திசையிலேயே வைப்பது நல்லது. கோடு 2 மில்லிமீட்டர் அகலம் என்றால் குறுக்கே வரும் மாற்றம் 0.01 மில்லிமீட்டர்தான்; அதைப் பசை தாங்கிக்கொள்ளும். அகலமான ஒற்றைத் தகட்டைவிட மெல்லிய எழுத்துகள் பாதுகாப்பானவை. பெரிய சின்னமே வேண்டும் என்றால் துண்டுகளாகப் பிரித்துப் பதிக்கலாம்.

சமப்படுத்தும்போது இன்னொரு சோதனை. பித்தளை மரத்தைவிடக் கடினமானது. மணல்தாளை விரலால் தேய்த்தால் மரம் மட்டும் தேய்ந்து பள்ளமாகும். தட்டையான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். வேகமும் கூடாது. பித்தளை மரத்தைவிடப் பல நூறு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். உராய்வின் சூடு நேராக அடியிலுள்ள பசைக்குப் போய் அதை இளக்கிவிடும். கொஞ்சம் தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி தேய்ப்பார்கள். வெளிர் நிற மரமென்றால் உலோகத் தூள் இழைகளுக்குள் புகுந்து அழுக்காக்கும். கருங்காலியைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். பள்ளியில் மரவேலை செய்பவர்களுக்கு ஒன்று: சிப்பித் தூளும் கருங்காலித் தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை. முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

கடைசியில் லாக்கர் பூச்சு. அது இல்லாவிட்டால் பித்தளையிலுள்ள செம்பு காற்றோடும் வியர்வையோடும் வினைபுரிந்து மங்கும். வெள்ளியைக் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் கறுக்கச் செய்யும்.

உங்கள் கையில் அப்படியொரு கித்தார் இருந்தால் பதிப்பின் விளிம்பில் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். முன்பு வழவழப்பாக இருந்த இடத்தில் இப்போது நகம் தட்டினால், தகடு எழும்பத் தொடங்கியிருக்கலாம்.