மேசை மேல் ஒரு ரயில் – 5: சுருங்க மறுப்பவை

அளவு முடிவாகிவிட்டது. போன இதழில் சொன்னபடி ‘என்’ ஸ்கேல்: நிஜத்தில் 160 அடி, மேசையில் ஓர் அடி. தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். இரண்டு படுக்கையறை வீட்டில் குடியிருந்துகொண்டு, சாப்பாட்டு மேசையையும் விட்டுக்கொடுக்காமல் ரயில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இது தோதான அளவு. இந்த வாரம் பாதையை வரைய வேண்டும்.

பாதை வரைய உட்காரும் எவரும் முதலில் வரைவது தன் ஆசையைத்தான். நாலடிக்கு இரண்டடிப் பலகை. ஒரு மூலையில் எழும்பூர் நிலையம், நடுவில் பாம்பன் பாலம், இன்னொரு மூலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை அடங்கிவிடும். பாம்பனின் பழைய ரயில் பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். 160-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 13 மீட்டர். 24 எல்.எச்.பி. பெட்டிகள் கோத்த எக்ஸ்பிரஸ் மட்டுமே மூன்றரை மீட்டருக்கு மேல் வரும். நம்முடைய நாலடிப் பலகையோ, நிஜக் கணக்கில் 195 மீட்டர். அந்த எக்ஸ்பிரஸின் பாதி ரயில்கூட அதில் நிற்காது.

ஆனாலும் நீளம் நல்ல பிள்ளை. 160-ஆல் வகு என்றால் ஒழுங்காக வகுபடுகிறது. வகுபடாத சங்கதிகள் சில உண்டு. மாதிரி ரயில் கட்டுகிறவர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது அவற்றோடுதான். பென்சிலைத் தொடும் முன் அவற்றை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதலில் வளைவு. நம் அகலப் பாதையில் 10 டிகிரிக்கு மேல் கூரான வளைவு கூடாது என்பது விதி. அதாவது ஆரம் 175 மீட்டர். மேசையில் அது 1.09 மீட்டர். முழு வட்டம் போட்டால் குறுக்களவு ஏழடியைத் தாண்டும். அவ்வளவு இடம் யார் வீட்டில் இருக்கிறது? அதனால் கடைகளில் கிடைக்கும் வளைவுத் துண்டுகள் 25 முதல் 30 செ.மீ. ஆரத்தில் இருக்கின்றன. நிஜத்தில் இது 40, 48 மீட்டர். அசல் எக்ஸ்பிரஸ் ரயில் அந்த வளைவுக்குள் நுழையவே முடியாது. மாதிரி வண்டி எப்படியோ திரும்பிவிடும், ஆனால் பார்க்க விகாரமாக இருக்கும். பெட்டியின் வயிறு உள்பக்கம் பிதுங்கும், மூலைகள் வெளிப்பக்கம் துருத்தும். பக்கத்தில் பிளாட்பாரம் இருந்தால் இடித்துக்கொண்டு நிற்கும்.

அடுத்தது ஏற்றம். நீலகிரி ரயில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அதற்கு நடுவில் ஓடும் பல்பாதையும் எஞ்சினின் பல்சக்கரமும் வேண்டியிருக்கிறது. பல் இல்லாத மாதிரி ரயிலுக்கு நூறுக்கு இரண்டு என்பதே நிம்மதியான ஏற்றம். ஒரு பாதை இன்னொன்றை மேலே தாண்டிப் போக 5 செ.மீ. உயரம் வேண்டும். அப்படியானால் ஏற இரண்டரை மீட்டர், இறங்க இரண்டரை மீட்டர். நாலடிப் பலகையில் மேம்பாலம் வரைந்திருப்பவர்கள் இப்போதே அழித்துவிடலாம்.

மூன்றாவது எடை. இங்கேதான் கணக்கு விபரீதமாகப் போகிறது. நீளம் 160-ல் ஒரு பங்கானால், எடை 160-ஐ மூன்று முறை பெருக்கி வருவதில் ஒரு பங்கு. 40 லட்சத்து 96 ஆயிரத்தில் ஒன்று. பெரம்பூரில் செய்த ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று சுமார் 40 டன் என்றால், மேசையில் அதன் நியாயமான எடை 10 கிராம். அந்த எடையில் பெட்டி விட்டால், மின்விசிறிக் காற்றுக்கே ஆடும், பாதை பிரியும் பாயின்ட்டைத் தாண்டும்போது துள்ளித் தடம் புரளும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. ‘என்’ ஸ்கேலில் அடிப்படையாக அரை அவுன்ஸ், அதன்மேல் பெட்டியின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் 0.15 அவுன்ஸ். நம் 14 செ.மீ. பெட்டிக்கு இது சுமார் 37 கிராம். கணக்குப்படி வரவேண்டியதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு! அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் தூண்டில் ஈயக் குண்டு வாங்கி, பெட்டியின் தரைக்கடியில் ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது எடை தாழ இருக்கட்டும். கூரைப் பக்கம் போனால் வளைவில் கவிழும்.

நாலாவது தூசி. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் துகள், இந்த உலகத்தில் 16 மில்லிமீட்டர் கல். நிஜ எஞ்சின் அதை நசுக்கிவிட்டுப் போகும். நம் எஞ்சின் நசுக்காது. சுமார் 80 கிராம் எடை, எட்டுச் சக்கரங்கள், ஒரு சக்கரத்துக்குப் பத்தே கிராம் அழுத்தம். போதாக்குறைக்கு மோட்டாருக்கான மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்கு வர வேண்டும். இடையில் ஒரு துகள் புகுந்தால் வண்டி நின்றுவிடும். சமையலறைக்குப் பக்கத்து அறை என்றால் தாளிப்பின் எண்ணெய் ஆவியும் சேர்ந்து படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைப்பதே சரியான வைத்தியம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அது போடும் நுண்ணிய கீறல்களே அடுத்த அழுக்குக்கு வீடாகும்.

ஐந்தாவது தண்ணீர். ஜல்லி பரப்பும்போது இதன் குணம் தெரியும். நிஜத்தில் 65 மில்லிமீட்டர் வரை இருக்கும் கல், மேசையில் 0.4 மில்லிமீட்டர். நைஸாகச் சலித்த மணல் போதும். கடற்கரை மணல் வேண்டாம். உப்பு தண்டவாளத்தைக் கெடுக்கும், கருமணல் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டும். எந்த மணலானாலும் ஒரு காந்தத்தை அதற்குள் நாலு முறை ஓட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். மணலை ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையே தூவி, மென்மையான தூரிகையால் சமன் செய்து, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். செய்து பாருங்கள். சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழும் ஒரு துளி 4 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிக்கு மேல் குறுக்களவுள்ள நீர் உருண்டை. அது மணலுக்குள் இறங்காமல் அப்படியே உருண்டு நிற்கும். சுற்றியிருக்கும் மணலைத் தன்மேல் அப்பிக்கொண்டு, இருந்த இடத்தில் பள்ளம் பறித்துவிடும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசைக்கு 1:160 தெரியாது.

அதன் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். மணலைத் தூவியதும், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரை முடிந்த அளவு மெல்லிய பனியாகத் தெளியுங்கள். ஸ்பிரேயை நேராகக் குறிவைக்காமல் மேலே நோக்கி அடித்து, தானாக இறங்க விட வேண்டும். மணல் நிறம் மாறி ஈரமானபின், அதே சொட்டு கலந்த பசைக் கரைசலை ஸ்லீப்பர் ஓரத்தில் வையுங்கள். இந்த முறை துளி நிற்காது. மணலுக்கடியில் ஓடி, அடுத்த நாலைந்து கட்டைவரை தானே பரவும். ஓர் இரவு அசையாமல் விட்டால் காலையில் கல் போல இறுகியிருக்கும். பாயின்ட்டின் அசையும் நாக்குப் பக்கம் மட்டும் பசை போகக் கூடாது. போனால் புதுப் பாயின்ட் வாங்க வேண்டியதுதான்.

கடைசியாக நேரம். 60 கி.மீ. வேகம் மேசையில் நொடிக்குப் பத்து செ.மீ. சொச்சம். நாலடிப் பலகையைப் பன்னிரண்டு நொடியில் ரயில் கடந்துவிடும். அப்புறம்? வட்டமடிக்கும். மூன்றாவது சுற்றில் பார்ப்பவர் போனை எடுத்துவிடுவார். பெரிய மாதிரிப் பாதைகளில் கால அட்டவணைப்படி வண்டி ஓட்டுகிறவர்கள் இதற்காகவே வேகமாக ஓடும் கடிகாரம் வைத்துக்கொள்கிறார்கள். நம் பத்து நிமிடத்தில் அதில் ஒரு மணி நேரம் போய்விடும். அதற்கும் ஊர்களுக்கிடையே ஓரளவு தூரம் இருந்தால்தான் அர்த்தம்.

ஆக, சுருங்க மறுப்பவற்றை என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கண்ணை ஏமாற்றுவது. கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன் இதில் மன்னர். தன் வீட்டின் அடித்தளத்தில் அவர் கட்டிய மலை ரயில் உலகப் புகழ் பெற்றது. கண்ணாடிகளைச் சாமர்த்தியமாக ஒளித்துவைத்து, இருக்கும் இடத்தை இரட்டிப்பாகக் காட்டினார். இருபது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பாதை முழுதாக முடியவில்லை. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாள்களிலேயே தீ விபத்தில் பெரும்பகுதி அழிந்தது. அந்தத் திறமைக்கு வணக்கம். ஆனால் அந்த வழிக்கு அடித்தளமும் வேண்டும், ஆயுளும் வேண்டும்.

இரண்டாவது வழி, சுருங்க மறுப்பவை தொந்தரவு தராத காட்சியாகத் தேர்ந்தெடுப்பது. நிஜத்திலேயே குட்டையான, தட்டையான, நேரான, மெதுவான ரயில் வேலை ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. ஷன்டிங்: வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலை.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலன் ரைட் ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ என்ற பெயரில் ஒரு மாதிரி யார்டு கட்டினார். இரண்டே பாயின்ட், மூன்று சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப் பாதை). முதல் சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும் முனைப் பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும் மட்டும் அடங்கும். வேகன்கள் மொத்தம் எட்டு. விளையாட்டு இதுதான்: எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி, ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசைப்படியே அந்த ஐந்தையும் நீளச் சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். கையால் தூக்கி வைக்கக் கூடாது.

கேட்க எளிது. எட்டில் ஐந்தை வரிசை மாறாமல் எடுக்க 6,720 விதங்கள் உண்டு. முதல் ஆட்டத்திலேயே புரிந்துவிடும், சிக்கல் முனைப் பாதையில் இருக்கிறது என்று. அது ஒரு வேகன் நீளம் கூடுதலாக இருந்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும், குறைந்தால் திண்டாட்டமாகிவிடும். மற்ற எல்லா மாதிரி ரயிலிலும் இடம் போதவில்லை என்பது குறை. இங்கே அந்தக் குறையே விளையாட்டின் விதி.

நம் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாயின்ட்டின் பிரிவைத் தவிர வளைவு இல்லை. ஏற்றம் கிடையாது. துடைக்க வேண்டிய தண்டவாளம் இரண்டு மீட்டர்கூட இல்லை. நேரம் பிரமாதம்: ஷன்டிங் வேகம் 15 கி.மீ. என்றால் நொடிக்கு இரண்டரை செ.மீ. ஊர்கிறது. நின்று, கழற்றி, திரும்பி, கோத்து என்று ஓர் ஆட்டம் கால் மணியைச் சாதாரணமாக விழுங்கும். அதுவும் வேகக் கடிகாரம் இல்லாமல், நம் சுவர்க் கடிகாரக் கணக்கில்.

நம் ஊருக்கு இதை எப்படிப் பொருத்துவது? இன்று சரக்கு பெரும்பாலும் முழு ரேக்காகவே, அதாவது பிரிக்காத முழு ரயிலாகவே போகிறது. சிறு நிலையத்தில் வேகன் வேகனாகப் பிரித்துச் சேர்க்கும் வேலை அருகிவிட்டது. ஆகவே காலத்தை 1970-களில் வையுங்கள். தாலுகா ஊர் ஒன்றின் கூட்ஸ் ஷெட், தகரக் கூரை, உர மூட்டை, நெல் மூட்டை, வெளியே மாட்டு வண்டிகள். நாலு சக்கர வேகன் ஒன்று மேசையில் ஏறக்குறைய 5 செ.மீ. ஐந்து வேகன் 25, மூன்று வேகன் 15, பாயின்ட் ஒவ்வொன்றும் சுமார் 12, எஞ்சின் 8 முதல் 10. எல்லாம் கூட்டி, ஓரத்தில் கொஞ்சம் இடமும் விட்டால் 90 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். புத்தக அலமாரியின் மேல்தட்டு போதும்.

இந்த வார வேலை: 12 மி.மீ. மரைன் பிளைவுட்டில் இந்த அளவு வெட்டி, அடியில் சட்டம் அடியுங்கள். பலகையின் ஆறு பக்கமும் வார்னிஷ் பூசுங்கள். ஐப்பசி ஈரத்தில் உப்புவது பலகைதான், தண்டவாளத்தை அது இழுக்கும். இணைப்புகளில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டால் பாதை நெளியாது. மேலே தெர்மாகோல் ஒட்டுவதானால் வெள்ளைப் பசை மட்டுமே. ரப்பர் கரைசல் பசைகள் தெர்மாகோலைத் தின்றுவிடும். வேகன் நீளத்துக்கு அட்டைத் துண்டுகள் வெட்டி, பென்சில் கோட்டின் மேல் நகர்த்தி ஓர் ஆட்டம் ஆடிப் பாருங்கள். காகிதத்தில் கஷ்டப்படுத்தும் பாதை, கட்டினால் சுவாரஸ்யமாக இருக்கும். ஜல்லியை மட்டும் அடுத்த இதழ் வரும்வரை ஒத்திவையுங்கள்.

காரணம், நம் பட்டியலில் ஒன்று இந்தக் காட்சிக்கும் மசியவில்லை. தூசிதான் அது. வேகமாகப் போகும் எஞ்சின் மின்சாரம் அறுந்த ஒரு மில்லிமீட்டரை உந்துதலிலேயே தாண்டிவிடும். ஊர்ந்து போகும் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். அதிலும் பாயின்ட்டின் நடுவில், இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் பிளாஸ்டிக்காக இருந்தால், தூசியே தேவையில்லை. ஜல்லி பரப்பும் முன் அந்த இடத்துக்கு மின்சாரம் கொண்டுபோவது எப்படி, ஷார்ட் ஆகாமல் ஒயர் இணைப்பது எப்படி என்பது அடுத்த வாரம். சால்டரிங் அயர்ன் ஒன்று, 25 வாட், வாங்கி வைத்திருங்கள்.

(தொடரும்)