பத்து ரூபாய் பல்பு

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் சாலையில் போனால், ஜிப்மர் மருத்துவமனையைத் தாண்டியதும் கோரிமேட்டு எல்லை வந்துவிடும். அப்பால் விழுப்புரம் மாவட்டம். வெயில் இருபுறமும் ஒன்றுதான், கரண்டு பில்தான் வேறு. தமிழ்நாட்டுப் பக்கம் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். புதுச்சேரிப் பக்கத்துக்கு அதற்கு முன்பே வேறொரு யோகம் அடித்திருந்தது.

2014இல் மத்திய அரசுத் துறை நிறுவனமான இ.இ.எஸ்.எல்., மலிவு விலை எல்.இ.டி. பல்புத் திட்டத்தை நாட்டிலேயே முதலில் தொடங்கியது புதுச்சேரியில்தான். வீட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பைக் கொடுத்துப் பத்து ரூபாயும் தந்தால் 7 வாட் எல்.இ.டி. கைக்கு வரும். நிறுவனம் அதை வாங்கிய விலை அப்போது 310 ரூபாய். மீதியை, மிச்சமாகும் மின்சாரத்தைக் கொண்டே மின்துறை பல ஆண்டுகளில் அடைக்க வேண்டும் என்று ஏற்பாடு. பரீட்சை பலித்தது. 2015 ஜனவரி 5இல் நாடு முழுவதற்குமான திட்டம் தொடங்கியது. பின்னாளில் அதற்கு ‘உஜாலா’ என்று பெயர். மொத்தக் கொள்முதலில் 2016க்குள் பல்பின் விலை 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இதுவரை விநியோகமானவை 36 கோடிக்கும் மேல்.

மிச்சம் எவ்வளவு? மூன்று பல்புகளை மாற்றிய வீடு, தினம் ஐந்து மணி நேரம் எரித்தால், வருடத்துக்குச் சுமார் 290 யூனிட் சேமிக்கும். மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் ஏ.சி.யை இரவு எட்டு மணி நேரம் ஓட்டுகிறவர் அதை 36 ராத்திரியில் தீர்த்துவிடுவார். கத்திரி வெயில் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால், அது முடிந்து பத்து நாள் போதும்.

உலகக் கணக்கும் இதே லட்சணம்தான். தொழிற்சாலை, பம்புசெட் எல்லாம் சேர்த்து 2023-24இல் இந்தியரின் தலைக்கு ஆண்டுக்கு 1,400 யூனிட்டை ஒட்டித்தான் வந்தது. அமெரிக்கருக்கு 12,000க்கும் மேல். அங்கே பத்தில் ஒன்பது வீடுகளில் ஏ.சி. உண்டு. உலகின் மிக வெப்பமான பகுதிகளில் வாழும் 280 கோடிப் பேரில் ஏ.சி. உள்ளவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் என்று 2018இல் சொன்னது சர்வதேச எரிசக்தி முகமை. குளிர்ச்சி தேவைப்படுகிற இடத்தில் அது இல்லை. சிக்கனம் பற்றிய உபதேசம் மட்டும் எல்லோருக்கும் சமமாக வந்து சேர்கிறது!

சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991லேயே இதைக் கேட்டார்கள்: பணக்கார நாட்டின் காரிலிருந்து வரும் புகையையும் ஏழை உழவரின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

நெல்வயல் என்றதும் நெய்வேலி நினைவுக்கு வருகிறது. புதுச்சேரிக்குச் சொந்தமாக உள்ளது காரைக்காலின் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம்தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்குவது. அதில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி மின்சாரமும் உண்டு. 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் பச்சையாக நின்ற பயிருக்குள் பொக்லைன் இறங்கியது. நிலத்துக்கு எப்போதோ பணம் கொடுத்தாயிற்று என்றது சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. நாங்கள்தானே இன்னும் உழுதுகொண்டிருக்கிறோம் என்றார்கள் விவசாயிகள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். கால்வாய் வேலை தொடர்ந்தது.