கடலுக்குள் ஒரு மதில்

சிவகாசியும் விருதுநகரும் கரிசல் மண்ணும் கடும் வெயிலும் நிறைந்த ஊர்கள். மழை குறைந்த அந்நிலமே தீப்பெட்டித் தொழிலுக்கும் பட்டாசுத் தொழிலுக்கும் ஏற்ற இடமாயிற்று. ஆயினும் கடல் அவ்வூர்களுக்கு நெடுந்தொலைவில் இல்லை. சிவகாசியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் தூத்துக்குடியை அடையலாம். 1985ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரையில், சிவகாசியும் மண்டபமும் பாம்பனும் ஒரே மாவட்டத்து ஊர்களாக இருந்தன. அந்தக் கடற்கரையை அடுத்து, நீருக்குள் மறைந்து ஒரு மதில் நிற்கிறது. அதனை எழுப்பியவர் மன்னர் அல்லர், கொத்தரும் அல்லர். நெல்மணி அளவேயான சிற்றுயிர்கள் அதனைக் கட்டின.

அவ்வுயிர்களே பவளங்கள். மென்மையான உடலும், வாயைச் சுற்றி மெல்லிய உணர்கொம்புகளும் உடையவை அவை. கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தம்மைச் சுற்றிக் கல் போன்ற கூட்டை அமைத்துக்கொள்கின்றன. ஒரு தலைமுறை மடிந்தால் அதன் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை வாழ்கிறது. இவ்வாறு பல நூறு ஆண்டுகளாகக் கூடு கூடாகச் சேர்ந்து பாறை உருவாகிறது. இதனைக் கடற்கரை மக்கள் 'பார்' என்பர். உருண்டை வடிவான பவளங்களுட் பல ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஆளுயரப் பவளப்பாறை ஒன்று உருவாக ஒரு நூற்றாண்டுக்கு மேலும் ஆகலாம்.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 சிறு தீவுகள் கரையை ஒட்டி வரிசையாக அமைந்தன. அவற்றைச் சூழ்ந்து பவளப்பார்கள் வளர்ந்தன. பெருங்கடலிலிருந்து சீறிவரும் அலைகள் இப்பார்களில் மோதி வலிமை இழந்தே கரையைச் சேர்கின்றன. இப்பகுதி 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இக்கடலின் அடியைக் கண்டு வந்தவர்கள் பண்டைக்காலம் முதலே உண்டு. கொற்கைத் துறையில் முத்துக் குளித்தோர், இடையில் கயிறு கட்டி, கல்லின் துணையால் விரைந்து அடியில் இறங்கினர். அடக்கிய மூச்சு உள்ளவரை சிப்பிகளைத் திரட்டினர். கயிறு அசைந்ததும் தோணியில் இருந்தவர் அவர்களை மேலே இழுத்தனர். கண நேரமே கிடைத்த அக்காட்சியை நெடுநேரம் காணும் வழி 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது. 1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த கூஸ்தோவும் காஞ்ஞானும் நீருக்குள் மூச்சுவிட உதவும் கருவியை உருவாக்கினர். அதன் வழிவந்ததே இன்றைய 'ஸ்கூபா'. 1960-களில் மகாதேவன், நாகப்பன் நாயர் என்னும் மீன்வள அறிஞர்கள் தூத்துக்குடிக் கடலில் மூழ்கி, அங்குத் தாம் கண்டவற்றை ஆய்வுக் கட்டுரைகளாக எழுதினர்.

மூழ்குபவர் அழுத்திய காற்றை அடைத்த உருளையை முதுகில் சுமந்து செல்கிறார். அதனோடு இணைந்த சீராக்கி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவில் காற்றை வாய்க்கு அளிக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல் இரு மடங்காகும். அங்கு உள்ளிழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். ஆகவே, மூச்சை அடக்கிக்கொண்டு மேலெழுந்தால் நுரையீரல் கிழியக்கூடும். விரைந்து ஏறுவதும் தீது. அழுத்தத்தால் குருதியில் கரைந்த நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் பொங்கும் குமிழிகளைப் போல் வெளிப்பட்டு உடலை வருத்தும். சீராக மூச்சுவிடுதல், மெல்ல ஏறுதல், துணைவரைப் பிரியாதிருத்தல் ஆகிய மூன்றும் மூழ்குபவரின் உயிரைக் காக்கும் விதிகள்.

பாரின் ஓரமாக இறங்குபவர் கண்ணுக்கு அது உயிருள்ள மதிலாகவே தோன்றும். மான்கொம்பு போல் கிளைத்தவை, மூளை போல் மடிப்புற்றவை, மேசை போல் விரிந்தவை என நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பவளங்கள் இக்கடலில் வாழ்கின்றன. இடுக்கில் கல் இறால் தன் நீண்ட உணர்கொம்பை அசைக்கும். பொந்திலிருந்து அஞ்சாளை தலை நீட்டும். களவா மீன் இரைக்காகக் காத்திருக்கும். கிளிமீன்கள் தம் அலகால் பாறையைக் கொறிக்கும் ஒலி கூடக் கேட்கும். மணற்பரப்பில் கடல் அட்டைகள் ஊர்ந்து மண்ணைத் தூய்மை செய்யும்.

இத்தகைய மதிலுக்கும் இடையூறு வந்தது. சுண்ணாம்பிற்காகவும் கட்டடப் பணிகளுக்காகவும் பவளப்பாறைகள் பல ஆண்டுகள் வெட்டப்பட்டன. அரண் குறைந்த இடத்தில் அலை தீவை அரித்தது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. வெடிவைத்து மீன் பிடிப்பதும் ஒரு கேடு. வெடியின் ஆற்றலைச் சிவகாசி மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அது நீருக்குள் வெடித்தால், அதிர்ச்சி அலை மீன்களின் காற்றுப்பையைச் சிதைத்து, பெரியனவும் குஞ்சுகளும் ஒருங்கே மடியச் செய்யும். அருகிலுள்ள பவளங்களையும் நொறுக்கும். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே இதனைக் குற்றமாக்கிற்று. கடல்நீர் சூடேறும்போது பவளங்கள் தமக்கு உணவூட்டும் நுண்பாசியை இழந்து வெளிறிப்போகின்றன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது கடுமையாக நேர்ந்தது.

இடித்த கைகளே காக்கவும் முற்பட்டன. 2001ஆம் ஆண்டில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர மக்கள் பாரின் அருமையை மேலும் உணர்ந்தனர். பவளம் வெட்டும் தொழிலும் ஓய்ந்தது. அரிப்பினால் சுருங்கிய வான் தீவின் அருகே 2015ஆம் ஆண்டு முதல் கற்காரையால் ஆன செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணிக்கின்றன. அவற்றின்மேல் பவளங்களும் பற்றி வளரத் தொடங்கின.

மூழ்குபவர் கற்கும் விதிகளுள் இன்னும் ஒன்று உண்டு: கடலடியில் எதனையும் தொடலாகாது, எதனையும் எடுத்துவரலாகாது. காலில் அணிந்த துடுப்பு ஒருமுறை பட்டாலும், பல ஆண்டுகள் வளர்ந்த பவளக்கிளை ஒடிந்துவிடும். நொடிப்பொழுதின் கவனக்குறைவு எத்துணைக் கேடு தரும் என்பதைப் பட்டாசு செய்யும் ஊரார் நன்கு அறிவர். பட்டாசுச் சாலையில் கைகளுக்கு வேண்டிய அதே கவனமே கடலுக்குள் நிற்கும் அம்மதிலையும் காக்கும்.