சாதி: குருதியா, வளர்ப்பா?

'சாதியை நீங்களே ஏன் சுமக்கிறீர்கள்?' என்று தலித் மாணவர்களிடம் கேட்போர், அடையாளம் தனிமனிதத் தெரிவு என்று கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதவில்லை.

முற்பட்ட வகுப்பில் பிறந்து, பிற்படுத்தப்பட்ட வகுப்பில் மணம்புரிந்த பெண்ணுக்கு இடஒதுக்கீடு இல்லை என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளர்ப்பு தந்த சாதகம் திருமணத்தால் அழிவதில்லை.

2012இல், குஜராத்திலிருந்து வந்த வழக்கில், தந்தை பழங்குடி அல்லர் என்பதற்காக மட்டும் பழங்குடித் தாயின் பிள்ளைக்குச் சான்றிதழ் மறுக்கலாகாது என்றது அதே நீதிமன்றம். தந்தையின் சாதியே பிள்ளையின் சாதி என்பது வெறும் அனுமானம். தாயின் சமூகத்தில் வளர்ந்து, அச்சமூகத்தின் இழிவுகளையும் இழப்புகளையும் அனுபவித்ததை மெய்ப்பித்தால் அது வீழும்.

மெய்ப்பிக்கும் பொறுப்பு பிள்ளையுடையது. எனவே, சான்றிதழ் கோருவோர் வளர்ந்த சூழலுக்கான ஆதாரங்களையும் திரட்டுதல் வேண்டும். சமூகம் சுமத்திய அடையாளத்தைச் சமூகமே இறக்கிவைக்கும்வரை, அதற்கான உரிமையைக் கோருவது சாதிப்பற்று ஆகாது.