12 சதவீதம் என்றால் எந்த 12?

கோதுமை, மைதா, ஆட்டா, ரவை வியாபாரத்தில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது புதிதல்ல. மொத்தச் சரக்கு பேசும்போது கையில் அள்ளிப் பார்த்து, பல்லில் கடித்துப் பார்த்து விலை முடித்த காலம் குறைந்து வருகிறது. மில்லிலிருந்து பரிசோதனை அறிக்கை வருகிறது. ஈரப்பதம் இத்தனை, புரதம் இத்தனை, சாம்பல் இத்தனை என்று எண்கள் வரிசையாக நிற்கின்றன. விலையும் அவற்றை வைத்தே பேசப்படுகிறது. சரக்கு இறங்கியபின் சந்தேகப்பட்டு வேறொரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் அங்கே வேறு எண் வருகிறது. 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று தகராறு மூள்கிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் இரண்டு எண்களும் சரியாக இருந்து, அளந்த முறை மட்டும் வேறாக இருப்பதும் உண்டு.

ஈரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 14 சதவீத ஈரமுள்ள 100 கிலோ கோதுமையில் காய்ந்த சரக்கு 86 கிலோ, மீதி தண்ணீர். அது கிட்டங்கியில் காய்ந்து 12 சதவீதத்துக்கு வந்தால் தராசில் 97 கிலோ 730 கிராம்தான் நிற்கும். நூறு கிலோவுக்கு 2 கிலோ 270 கிராம் காற்றில் போய்விட்டது. பத்து டன் லாரிக்கு 227 கிலோ! மூட்டையை யாரும் திருடவில்லை. தண்ணீருக்குக் கோதுமை விலை கொடுத்தோம், அவ்வளவுதான். இந்திய உணவுக் கழகக் கொள்முதலில் 12 சதவீதத்துக்கு மேல் 14 வரை உள்ள ஈரத்துக்கு முழு மதிப்பையும் கழிப்பதும், 14-ஐத் தாண்டினால் சரக்கைத் தள்ளிவிடுவதும் வழக்கமான விதியாக இருப்பது இதனால்தான்.

சரி, அந்த 14-ஐ அளப்பது எப்படி? மாதிரியை எடை போட்டு, அடுப்பில் காய வைத்து, மறுபடி எடை போட வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 105 டிகிரியில் ஒரு மணி நேரம் காய வைத்தால் ஓர் எண்; 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் வேறோர் எண். முழுத் தானியமாகக் காய வைப்பதற்கும் அரைத்துக் காய வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு நாட்டில் ஒரு முறையும் இன்னொரு நாட்டில் வேறு முறையும் இருந்தால், கப்பலில் போகும் கோதுமைக்கு ஏற்றுமிடத்தில் ஓர் ஈரம், இறக்குமிடத்தில் இன்னோர் ஈரம் என்றாகும்.

இதற்கு ஒரு வழி காணத்தான் 1955-ல் பல நாட்டுத் தானிய விஞ்ஞானிகள் ஒன்று சேர்ந்து சர்வதேசத் தானிய வேதியியல் சங்கத்தை அமைத்தார்கள். சுருக்கமாக ஐ.சி.சி. என்பார்கள். தலைமையகம் ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருக்கிறது. கிழக்கும் மேற்கும் பேசிக்கொள்ளாத காலம் அது. ஆயினும் ஆஸ்திரியா எந்த அணியிலும் சேராத நாடாக இருந்ததால் இரு பக்கத்துப் பரிசோதனைக் கூடத்தாரும் அங்கே ஒரே மேசையில் உட்கார முடிந்தது. அரசியலில் ஒத்துப்போகாதவர்கள் மாவு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்!

அவர்கள் செய்த வேலை நம் தொழிலுக்குப் புரியும் வேலை. ஒரே குவியலிலிருந்து எடுத்த மாதிரியைப் பல பொட்டலங்களாகப் பிரித்துப் பல நாட்டுக் கூடங்களுக்கு அனுப்புவார்கள். எல்லோரும் ஒரே குறிப்பின்படி சோதிக்க வேண்டும். விடைகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அவை ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால்தான் அந்த முறைக்கு எண் கொடுத்து வெளியிடுவார்கள். சிதறினால் முறையைத் திருத்துவார்கள். ஈரத்துக்கு 110, புரதத்துக்கு 105, சாம்பலுக்கு 104 என்று இப்படித்தான் எண்கள் வந்தன. இவற்றில் பல, ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தர அமைப்பின் முறைகளோடும் ஒத்துப்போகின்றன.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதன் சாயல் இருக்கிறது. 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில் மைதாவின் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதோடு நிறுத்தவில்லை. 130 முதல் 133 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வைத்து அளக்கும்போது என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அளக்கும் முறை இல்லாமல் வரம்பு மட்டும் சொன்னால் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உலக அளவிலான கோடெக்ஸ் தரத்தில் கோதுமை மாவுக்கு 15.5 சதவீதம் வரை இடமுண்டு. வெளிநாட்டு மாவு பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

புரதத்தில் குழப்பம் இன்னும் அதிகம். டென்மார்க்கின் கெல்டால் என்பவர் 1883-ல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. அது நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து ஓர் எண்ணால் பெருக்குகிறது. கோதுமைக்கு 5.7, தீவனம் முதலியவற்றுக்கு 6.25. நைட்ரஜன் 2 சதவீதம் உள்ள கோதுமையை முதல் எண்ணால் பெருக்கினால் புரதம் 11.4, இரண்டாவதால் பெருக்கினால் 12.5. ஒரே மூட்டை, இரண்டு தரம்! இதோடு ஈரக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கா 12 சதவீத ஈரத்தில் வைத்துப் புரதம் சொல்கிறது, கனடா 13.5-ல், ஆஸ்திரேலியா 11-ல். முற்றும் காய்ந்த நிலையில் கணக்கிட்டுச் சொல்பவர்களும் உண்டு. 12 சதவீத ஈரத்தில் 12 என்று சொல்லப்படும் புரதம், காய்ந்த நிலைக் கணக்கில் 13.6 ஆகிவிடும். அறிக்கையில் அடிப்படை எழுதியிராவிட்டால் இரண்டு மில்களின் சரக்கை ஒப்பிட்டு விலை பேச வழியில்லை.

பேக்கரிகளுக்கு மாவு போடுபவர்கள் 'ஃபாலிங் நம்பர்' என்ற சொல்லைக் கேட்டிருக்கலாம். அறுவடை சமயத்தில் மழை பிடித்தால் கோதுமை கதிரிலேயே முளைக்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு முளையே போதும்; அதிலுள்ள நொதி மாச்சத்தை உடைத்துவிடும். அந்த மாவில் சுட்ட ரொட்டியின் உட்புறம் பிசுபிசுத்துக் கத்தியில் ஒட்டும். சுவீடனில் ஹாக்பெர்க், பெர்ட்டன் ஆகியோர் இதற்கு ஒரு சோதனை கண்டார்கள். ஐ.சி.சி. அதை 107-ம் முறையாக ஏற்றது. 7 கிராம் மாவையும் 25 மில்லி தண்ணீரையும் கண்ணாடிக் குழாயில் குலுக்கி, கொதிநீரில் நிறுத்தி, 60 வினாடி வரை கலக்குகிறார்கள். பிறகு கலக்கும் கோலைத் தானே கீழே இறங்க விடுகிறார்கள். தொடக்கத்திலிருந்து கோல் இறங்கி முடியும் வரையான வினாடிகள்தான் அந்த எண். கூழ் கெட்டியாக இருந்தால் 300, 400 வரும். நன்றாக முளைத்த கோதுமையானால் கோல் கல் மாதிரி விழுந்து 62-லேயே நின்றுவிடும்.

கலப்படம் என்ற எண்ணமே இல்லாமல், கையிருப்பைத் தீர்ப்பதற்காக இரண்டு சரக்கைக் கலப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 400 உள்ள 90 மூட்டையோடு 62 உள்ள 10 மூட்டையைக் கலந்தால் சராசரி 366 வரும் என்று நினைக்கத் தோன்றும். வராது. நொதி மொத்தக் குவியலிலும் வேலை செய்யும். அதற்கென்று பெர்ட்டன் தந்த சூத்திரத்தில் போட்டால் விடை ஏறக்குறைய 142. பத்து மூட்டை, தொண்ணூறு மூட்டையையும் கெடுத்துவிட்டது.

இத்தனை கருவிகளை நாம் கடையில் வைக்க முடியாது. நம்மில் சிலர் வைத்திருப்பது கையடக்க ஈரமானி மட்டும். அது காய வைத்து அளப்பதில்லை. தானியத்தின் மின் குணத்தைப் பார்த்து ஈரத்தை ஊகிக்கிறது. கோதுமைக்குச் சரி செய்த நிலையில் மக்காச்சோளத்தைப் போட்டால் தப்பான எண் காட்டும். வெயிலில் சூடேறிய தானியத்துக்கும் அப்படியே. வருடத்துக்கு ஒரு முறையாவது, காய வைக்கும் முறையில் அளந்த மாதிரியோடு அதை ஒத்துப்பார்த்துச் சரி செய்ய வேண்டும். பெரிய சரக்கு வாங்கும்போது பேச்சிலேயே, எந்த முறைப்படி, எத்தனை சதவீத ஈரக் கணக்கில் என்று பில்லிலோ ஒப்பந்தத்திலோ எழுதி வாங்கலாம். மாதிரியை ஒரே மூட்டையில் எடுக்காமல் லாரியின் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து மூன்றாகப் பிரித்து, விற்பவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று, தகராறு வந்தால் பார்க்க முத்திரையிட்டு ஒன்று என வைத்துக்கொள்ளலாம். துணிப்பையில் கட்டி அனுப்பினால் போகும் வழியிலேயே ஈரம் மாறிவிடும். காற்றுப் புகாத டப்பாவாக இருக்க வேண்டும்.