ஊக்கமருந்தும் நாட்டின் பெருமையும்



ஆசிய விளையாட்டிலோ ஒலிம்பிக்கிலோ நம் நாட்டு வீரர் ஒருவர் பதக்கம் பெறும்போது, அவரை நேரில் அறியாத நமக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஓடியவர் அவர், வியர்வை சிந்தியவர் அவர், நாமோ அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஆயினும், "நாம் வென்றோம்" என்றே சொல்கிறோம். இவ்வாறு சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? அந்த வெற்றி பொய்யென்று பின்னர்த் தெரியவந்தால், அப்பொய்யிலும் நமக்குப் பங்கு உண்டா? இவ்விரு வினாக்களையும், தடகள உலகை நெடுங்காலமாக வாட்டிவரும் ஊக்கமருந்து என்னும் தீமையோடு பொருத்தி இன்று ஆராய்வோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஊக்கம் என்பது தமிழில் உயர்ந்த பண்பொன்றின் பெயர். தளராத மனவெழுச்சியே ஊக்கம். அப்பெயரை ஒரு மாத்திரைக்கும் ஊசிக்கும் சூட்டிவிட்டோம். பெயர் நல்லது, பொருள் தீயது. இம்மருந்துகள் பல வகைப்படும். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதல் வகை, களைப்பை மறைப்பது. ஆம்பெட்டமைன் போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. களைப்பு என்பது உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. அதனை அடக்கிவிட்டால், தாங்கும் எல்லையைக் கடந்தும் வீரர் ஓடிக்கொண்டே இருப்பார். இரண்டாம் வகை, தசையை வளர்ப்பது. ஆணின் உடலில் மிகுதியாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோனைப் போலச் செயற்படும் ஸ்டீராய்டுகள் இவை. நாண்ட்ரலோன், ஸ்டானசோலால் என்பன இவற்றுள் பெயர்பெற்றவை. தசை பெருகும், கடும் பயிற்சியின் அலுப்பு விரைவில் நீங்கும். கூடவே கல்லீரலும் இதயமும் கெடும்; பெண்கள் உட்கொண்டால் குரல் தடிக்கும். மூன்றாம் வகை, குருதியில் சிவப்பணுக்களைப் பெருக்குவது. எரித்ரோபொயட்டின் என்பது சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் பொருள். அதனை ஊசியால் மிகுதியாகச் செலுத்தினால், தசைகளுக்கு மிகுந்த உயிர்வளி கிடைக்கும். ஆனால் குருதி தடித்து உறைந்து, உயிருக்கே இடர் விளையலாம்.

காவிரிப் பாசனத்தில் வளர்ந்த உங்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். யூரியாவை அளவுக்கு மேல் இட்டால் நெற்பயிர் கருகருவென்று தழைக்கும். வரப்பில் போகிறவர் நின்று பார்ப்பர். ஆனால் தண்டு வலுவிழக்கும். புகையான் பூச்சி வந்து தாக்கும். கதிர் முற்றும் வேளையில் ஒரு காற்றடித்தால் வயல் முழுதும் சாய்ந்துவிடும். ஊக்கமருந்தால் வளர்ந்த உடலும் அத்தகையதே.

இத்தீமை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1904ஆம் ஆண்டு அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில் தாமஸ் ஹிக்ஸ் என்பவர் தங்கம் பெற்றார். நடுவழியில் அவர் சோர்ந்தபோது, உடன் வந்தவர்கள் ஸ்ட்ரிக்னைன் என்னும் பொருளை முட்டையின் வெண்கருவோடு சேர்த்துக் கொடுத்தனர், பிராந்தியும் ஊட்டினர். நம் ஊர் எட்டிக்கொட்டையில் உள்ள நஞ்சுதான் ஸ்ட்ரிக்னைன். தள்ளாடித் தள்ளாடி அவர் எல்லைக்கோட்டைக் கடந்தார். அந்நாளில் அதனைத் தடுக்க விதி ஏதும் இல்லை.

1967ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பிரான்சு நாட்டு மிதிவண்டிப் பெரும்போட்டியில் டாம் சிம்ப்சன் என்னும் ஆங்கில வீரர் வென்டூ மலையேற்றத்தில் விழுந்து உயிர் துறந்தார். அவர் உடலில் ஆம்பெட்டமைன் இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் குழு மருத்துவ ஆணையம் ஒன்றை அமைத்தது. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளில் முதன்முறையாகச் சோதனைகள் நடந்தன. மெக்சிகோவில் முதலில் அகப்பட்டவர் சுவீடன் நாட்டவர். துப்பாக்கி சுடும்போது கை நடுங்காமல் இருக்க அவர் மது அருந்தியிருந்தார். அவர் ஒருவர் செய்த பிழையால் அவருடைய அணி முழுவதுமே வெண்கலப் பதக்கத்தை இழந்தது.

இவை தனிமனிதர் செய்தவை. ஓர் அரசே இதனைச் செய்தால் என்னாகும்? கிழக்கு ஜெர்மனி அவ்வாறு செய்தது. ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் மக்களே வாழ்ந்த அச்சிறுநாடு, 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 40 தங்கம் வென்று அமெரிக்காவையே பின்னுக்குத் தள்ளியது. உலகம் வியந்தது. 1989ஆம் ஆண்டு பெர்லின் சுவர் வீழ்ந்தபின் இரகசிய ஆவணங்கள் வெளிப்பட்டன. 1974 முதல் அரசின் திட்டமாகவே ஸ்டீராய்டு மாத்திரைகள் வழங்கப்பட்டன என்பதும், பருவம் எய்தும் வயதுச் சிறுமியருக்கும் வைட்டமின் என்று சொல்லி அவற்றைக் கொடுத்தனர் என்பதும் தெரியவந்தன. அப்பெண்கள் பலர் பிற்காலத்தில் நோயாளிகள் ஆயினர். அவர்களுக்கு இழப்பீடு வழங்க ஒன்றுபட்ட ஜெர்மனி 2002ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. நாட்டின் பெருமைக்காக நாட்டின் குழந்தைகளையே பலியிட்ட கதை இது.

1988ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், சியோல் ஒலிம்பிக்கில் கனடா நாட்டு பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். கனடா மகிழ்ச்சியில் திளைத்தது. ஸ்டானசோலால் உட்கொண்டது சோதனையில் தெரியவர, மூன்றே நாளில் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்நாடு அதனை மூடி மறைக்கவில்லை. நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணை நடத்தி, உண்மையை உலகறியச் செய்தது. 1999ஆம் ஆண்டு உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுவப்பட்டது. நம் நாட்டில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2005இல் பதிவு பெற்றது. 2022இல் இதற்கெனத் தனிச்சட்டமும் நிறைவேறியது.

சோதனை எவ்வாறு நடக்கிறது? வீரரின் சிறுநீரை அவரைப் போன்ற ஆணோ பெண்ணோ கண்காணிக்கப் பெறுகிறார்கள். அதனை இரண்டு குப்பிகளில் ஊற்றி முத்திரையிடுகிறார்கள். குப்பியின்மேல் எண் இருக்கும், பெயர் இராது. முதற்குப்பியில் தடைப்பொருள் தென்பட்டால், வீரர் விரும்பினால் இரண்டாம் குப்பியையும் சோதிக்கச் சொல்லலாம். போட்டி நாளில் மட்டுமன்றி, எந்த நாளிலும் முன்னறிவிப்பின்றி வந்து மாதிரி கேட்கலாம். "என் உடலில் எது சென்றாலும் அதற்கு நானே பொறுப்பு" என்பதே இவ்விதிகளின் அடிப்படை. அறியாமல் உட்கொண்டேன் என்பதை மெய்ப்பித்தால் தண்டனை குறையலாம். ஆனால் அந்தப் போட்டியின் வெற்றி நிலைக்காது.

தொலைவிலுள்ள நாடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பானேன்? நம் காவிரிக் கரைக்கே வருவோம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த இருவரின் செய்திகள் 2020ஆம் ஆண்டில் அடுத்தடுத்த இரு திங்களில் வெளியாயின.

முதலாமவர் முடிகண்டம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த கோமதி மாரிமுத்து. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 30. தமிழகமே கொண்டாடியது, அரசியல் கட்சிகள் பரிசுத்தொகை அறிவித்தன. பின்னர், அவர் கொடுத்த மாதிரிகளில் நாண்ட்ரலோன் சார்ந்த பொருள் இருந்ததாக அறிவிப்பு வந்தது. தாம் அறிந்து எதனையும் உட்கொள்ளவில்லை என்று அவர் மறுத்தார். எனினும் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் போயிற்று. 2020 ஜூனில் இம்முடிவு வெளியாயிற்று. இங்கே ஒன்றைக் கருத வேண்டும். தோகாவுக்கு முன்னரே, மார்ச்சுத் திங்களில் பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அப்பொருள் இருந்தது. அம்முடிவு காலத்தில் வந்திருந்தால், அவர் தோகாவுக்கே சென்றிருக்க மாட்டார். அத்தனை பெரிய ஏற்றமும் இறக்கமும் அப்பெண்ணுக்கு நேர்ந்திரா.

இரண்டாமவர் லால்குடிப் பகுதியைச் சேர்ந்த படைவீரர் ஆரோக்கிய ராஜீவ். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், ஆடவரும் மகளிரும் கலந்து ஓடும் 4 × 400 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய அணிக்காக ஓடினார். பஹ்ரைன் முதலில் வந்தது. இந்தியாவுக்கு வெள்ளி கிடைத்தது. பஹ்ரைன் அணியில் ஓடிய கெமி அடெகோயா ஸ்டானசோலால் உட்கொண்டது பின்னர் வெளிப்பட்டது. அவ்வணியின் வெற்றி செல்லாது என்று ஆயிற்று. நம் அணியின் வெள்ளி தங்கமாக உயர்ந்த செய்தி 2020 ஜூலையில் வந்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஜகார்த்தாவில் நம் நால்வர் மேடையின் இரண்டாம் படியில் நின்று, பிறர் நாட்டுப்பண்ணைக் கேட்டனர். தங்கம் இரண்டாண்டு கழித்து வந்தது. அந்த நாள் திரும்பி வரவில்லை. அது நமக்கு இழைக்கப்பட்ட அநீதி என்கிறோம். சரிதான். தோகாவிலும் சீன நாட்டு வாங் சுன்யூ அவ்வாறே இரண்டாம் படியில் நின்று நம் நாட்டுப்பண்ணைக் கேட்டார். அவருக்கும் தங்கம் பிந்தியே சேர்ந்தது. முன்னதை அநீதி என்போர், பின்னதையும் அவ்வாறே சொல்ல வேண்டும். ஒரே மரக்காலால் இரண்டையும் அளக்கத் தெரிவதே நடுவுநிலைமை. அந்த ஜகார்த்தா அணியின் நால்வருள் ஒருவரே, 2021இல் கொடுத்த மாதிரியின் காரணமாகப் பின்னர் இரண்டாண்டுத் தடை பெற்றார் என்பதையும் மறைக்கலாகாது. "நம்மவர் தூயர், பிறர் கள்வர்" என்று பேச நமக்கு இடமில்லை.

கணக்கும் அதனையே காட்டுகிறது. 2023ஆம் ஆண்டில் இந்தியா 5,606 மாதிரிகளைச் சோதித்தது. 213இல் தடைப்பொருள் தென்பட்டது. நூற்றுக்கு 3.8 ஆகும் இவ்விகிதம், பெருமளவில் சோதனை நடத்திய நாடுகளுள் மிக உயர்ந்தது. பலரைச் சோதிப்பதால் பலர் அகப்படுகின்றனர் என்பது ஓரளவு உண்மை. ஆயின் எண்ணிக்கைக்கு அது விடையாகும்; விகிதத்துக்கு ஆகாது.

காரணம் யாது? ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பதக்கம் என்பது ரயில்வேயிலோ காவல்துறையிலோ கிடைக்கும் வேலை. தம்பி தங்கையரின் படிப்பு. ஓட்டு வீட்டுக்குப் பதில் ஒரு மாடி வீடு. அந்த ஆசையைச் சுற்றிக் குறுக்குவழி காட்டுவோர் சிலர் எப்போதும் நிற்பர். மாவு என்றும் சத்து மாத்திரை என்றும் கொடுப்பர். உள்ளே இருப்பது யாது என்று சொல்லார். அகப்படும் நாளில் அவர்களைக் காணமுடியாது. கைதட்டிய கூட்டமும் கலைந்துவிடும். தடையும் பழியும் ஓடியவர் ஒருவர் தலையில் மட்டுமே விழும். பள்ளியில் நெடுநாள் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: மதிப்பெண்ணை மட்டும் கேட்டு, படித்தாயா என்று கேளாத வீட்டில்தான் பிள்ளை பார்த்து எழுதக் கற்றுக்கொள்கிறான். பதக்கத்தை மட்டும் கேட்கும் நாடும் அத்தகைய வீடுதான்.

விளையாட்டில் ஈடுபட்டுள்ள மாணவர்களுக்குச் சில சொற்கள். உடற்பயிற்சிக் கூடத்திலோ கடையிலோ விற்கும் சத்துமாவை மருத்துவரைக் கேளாமல் உண்ணாதீர்கள். சளிக்குத் தரும் சில மாத்திரைகளில்கூடத் தடைப்பொருள் உண்டு. ஆதலின் நான் பந்தய வீரன் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உண்மையான நோய்க்குத் தடைப்பொருள் தேவைப்பட்டால், முறைப்படி விண்ணப்பித்து முன் இசைவு பெற வழி இருக்கிறது. பயிற்சியாளரே கொடுத்தாலும், இஃது என்ன என்று கேட்க நாணாதீர்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று.

விளையாடாமல் பார்த்து மகிழும் நமக்கும் கடமை உண்டு. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை 55.42 விநாடியில் முடித்து, நூற்றில் ஒரு விநாடி வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்தார். அவர் கழுத்தில் அன்று பதக்கம் இல்லை. ஆயினும் நாற்பதாண்டு கடந்தும் அவ்வோட்டத்தை இந்நாடு பெருமையோடு பேசுகிறது. ஆகவே பெருமைக்குப் பதக்கம் இன்றியமையாதது அன்று.

தொடக்கத்தில் கேட்ட வினாக்களுக்கு இப்போது விடை கூறலாம். "நாம் வென்றோம்" என்று சொல்லும் உரிமை, வீரரின் உழைப்புக்கு நல்ல திடலும் நல்ல உணவும் நேர்மையான பயிற்சியும் நாம் கொடுக்கும்போது நமக்கு உண்டாகிறது. அவற்றைக் கொடாமல் தங்கத்தை மட்டும் கேட்டோமானால், வெற்றியில் நமக்குப் பங்கில்லை. பொய்யில் பங்கு உண்டு. அடுத்த முறை நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவர் நான்காவதாக ஓடிவந்தாலும், ஊர் எல்லையில் நின்று வரவேற்க நீங்கள் செல்லுங்கள். நேர்மையாக ஓடினால் தோற்றாலும் மதிப்புண்டு என்பதை இளைய வீரர்கள் அங்கே காண்பார்கள்.