மாத்திரையும் தோலும்

உடம்பில் அரிப்போ தடிப்போ கண்டால் முதலில் எதைச் சந்தேகிக்கிறீர்கள்? நேற்றுச் சாப்பிட்ட மீனை, மாற்றிய சோப்பை, இந்தப் பெருநகரத்தின் தண்ணீரை. தினமும் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரையை எவரும் நினைப்பதில்லை. "அதை மாதக்கணக்காகச் சாப்பிடுகிறேனே!" என்பீர்கள். மாதக்கணக்காக ஒத்துப்போன மருந்தும் பின்னர் தோலைப் பாதிப்பதுண்டு.

தடிப்பு எங்கே வந்திருக்கிறதென்று பாருங்கள். நெற்றி, கழுத்தின் முன்புறம், புறங்கை ஆகிய வெயில் படும் இடங்கள் மட்டும் சிவந்தோ கறுத்தோ எரிகின்றனவா? கைக்கடிகாரம் மறைத்த இடம் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் ஹைட்ரோகுளோரோதயாசைடு காரணமாக இருக்கலாம். உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் இம்மருந்து, சிலருடைய தோலை வெயில் தாங்காததாக்கிவிடுகிறது. நம் நாட்டில் இது பெரும்பாலும் இன்னொரு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கப்படுகிறது; அட்டையில் பெயருக்குப் பின்னே 'எச்' என்னும் ஆங்கில எழுத்து இருக்கும். கட்டட வேலையிலோ தள்ளுவண்டி வியாபாரத்திலோ நாள் முழுவதும் வெயிலில் நிற்பவர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவராகக் கேட்பார் என்று காத்திராதீர்கள்.

அட்டினோலால், மெட்டோப்ரோலால் ஆகியவை சொரியாசிஸ் உள்ளவருக்கு அதை அதிகப்படுத்தக்கூடும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம்.

இவை தொல்லைகள். உயிருக்கே ஆபத்தானது வேறொன்று. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் போன்ற மருந்துகளால் ஆயிரத்தில் சிலருக்கு உதடும் நாக்கும் திடீரென வீங்கும். தொண்டை அடைபடவும் கூடும். முதல் வாரங்களிலும் வரலாம், பல ஆண்டுகளுக்குப் பின்னும் வரலாம். பிராடிகினின் என்னும் பொருள் உடலில் மிகுவதால் வருகிற வீக்கம் இது. ஆகையால் பெரும்பாலும் அரிப்பு இராது, கடையில் வாங்கும் அலர்ஜி மாத்திரைக்கும் அடங்காது. அடுத்த வேளை மாத்திரையை விழுங்காமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடிப்போடு காய்ச்சல், கொப்புளம், வாய்ப்புண் கண்டாலும் அப்படியே.

மற்ற அரிப்புகளுக்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. அட்டினோலாலைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலி வரக்கூடும். எந்த மருந்தை விட்டாலும் அழுத்தம் ஓசையின்றி ஏறும். பக்கவாதம் வந்த பின்புதான் பலருக்கு அது தெரிகிறது. கேட்டவுடன் கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு களிம்போ தடிப்பை மறைத்து மருத்துவரைக் குழப்பும். மாற்று மருந்துகள் பல உண்டு. மாற்றித் தர வேண்டியவர் மருத்துவர்.

நகரத்தில் ஒரு மருத்துவர், விடுமுறைக்குப் போகும் ஊரில் இன்னொருவர் என்று வாழ்கிறோம். இவர் நிறுத்திய மருந்தை அவர் வேறு பெயரில் எழுதிவிடலாம். ஒருமுறை நாக்கு வீங்கியவர் 'பிரில்' என்று முடியும் எந்த மருந்தையும் மறுபடி தொடலாகாது. ஆகவே ஒத்துக்கொள்ளாத மருந்தின் காலி அட்டையைத் தூக்கி எறியாமல் மருத்துவச் சீட்டோடு வைத்திருங்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டம் 2010 முதல் நடைபெறுகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண்ணில் நோயாளியே அதைத் தெரிவிக்கலாம். பேசும்போதும் அந்த அட்டை கையில் இருக்கட்டும்.